சாக மறுக்கும் ஊர்



இத்தாலி என்றதும் நமக்கு ஞாபகத்துக்கு வருவது ரோமும், பைசாவின் சாய்ந்த கோபுரமும்தான். நான் சொல்லப் போவதோ, வருடம் முழுக்கப் பத்துப் பதினைந்து பேர் மட்டுமே வசிக்கிற ஒரு குட்டி மலைக் கிராமத்தைப் பற்றி. பெயர் சிவிட்டா டி பான்யோரெஜோ. வாய்க்குள் நுழையவில்லையா? சிவிட்டா என்றே வைத்துக்கொள்வோம். இத்தாலிக்காரர்கள் இதற்குச் சூட்டியிருக்கும் பட்டப்பெயர் 'செத்துக்கொண்டிருக்கும் ஊர்'!

நீ எப்படிடா அங்கே போனாய் என்பீர்கள். உங்களைப் போலவே நானும் டிப்ளமோதான், மெக்கானிக்கல். பயணிகள் கப்பல் ஒன்றில் இஞ்சின் ரூம் ஃபிட்டராக வேலை. ரோமுக்கு அருகே உள்ள சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் கப்பல் இரண்டு நாள் நின்றது. எங்கள் எலக்ட்ரீஷியன் அந்தப் பக்கத்து ஆள். "சும்மா தூங்காதே, வா" என்று தன் காரில் அழைத்துப் போனார்.

பள்ளத்தாக்கின் நடுவே தனியாக ஒரு குன்று. அதன் தலையில் பழுப்பு நிறக் கல் வீடுகள். அங்கே போக ஒரே வழி, 1965-ல் கட்டிய கான்கிரீட் நடைபாலம். நீளம் சுமார் 300 மீட்டர். கடைசியில் செங்குத்தாக ஏறுகிறது, மூச்சு வாங்கிவிட்டது. கார், பஸ் எதுவும் போகாது. சாமான் கொண்டுபோகச் சின்ன மோட்டார் வண்டி மட்டும் உண்டு.

சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன், ரோமானியர்களுக்கும் முந்திய எட்ரூஸ்கர்கள் உண்டாக்கிய ஊர் இது. அவர்கள் பாறையில் குடைந்த குகைகளைப் பின்னால் வந்தவர்கள் ஒயின் வைக்கவும் கோழி அடைக்கவும் பயன்படுத்திக்கொண்டார்கள். ஊர் வாசலில் மனிதத் தலையைக் கவ்விய கல் சிங்கங்கள். தங்களை அடக்கி ஆண்ட ஒரு பிரபுக் குடும்பத்தை ஊர்மக்கள் விரட்டியடித்த ஞாபகமாம். நடுவில் தார் போடாத மண் சதுக்கம், அதில் சான் டொனாட்டோ தேவாலயம். ஜூனிலும் செப்டம்பரிலும் இந்தச் சதுக்கத்தில் கழுதைப் பந்தயம் நடக்குமாம்.

சரி, ஏன் செத்துக்கொண்டிருக்கும் ஊர்? சிவில் நண்பர்கள் கவனிக்கவும். மேலே எரிமலைச் சாம்பல் இறுகிய 'டஃப்' பாறை, அடியில் களிமண். மழையும் இரண்டு பக்கத்து ஓடைகளும் களிமண்ணைக் கரைக்கின்றன. பிடிமானம் போன பாறை வெடிக்கிறது, விளிம்பு துண்டு துண்டாகச் சரிகிறது. 1695-ல் வந்த பூகம்பத்துக்குப் பிறகு பிஷப்பும் நகராட்சியும் எதிர்க்கரையிலுள்ள இன்றைய பான்யோரெஜோவுக்கு மாறிவிட்டார்கள். மக்களும் மெல்ல மெல்ல இறங்கினார்கள். 13-ஆம் நூற்றாண்டில் இங்கே பிறந்த புனித பொனவெந்தூராவின் வீடு இருந்த இடமே இன்று இல்லை, பள்ளத்தில் போய்விட்டது. ஒரு பழைய மாளிகைக்கு முன்சுவர் மட்டும் மிச்சம். அதன் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்... உள்ளே அறை இல்லை, ஆகாயம்தான் தெரிந்தது!

"என் தாத்தா காலத்திலேயே இது சாகப் போகிறது என்றார்கள். தாத்தா போய்விட்டார், ஊர் இருக்கிறது" என்று சிரித்தார் எலக்ட்ரீஷியன்.

எப்படி இருக்கிறது? பாறைக்குள் எஃகுக் கம்பிகளைச் செலுத்தி இறுக்குகிறார்கள். சரிவில் கிணறு மாதிரித் தோண்டி, கான்கிரீட் போட்டு, அதிலிருந்து நங்கூரம் பாய்ச்சுகிறார்கள். கருவிகள் வைத்து அசைவை அளக்கிறார்கள். இதையெல்லாம் விளக்க 2012-ல் ஒரு நிலச்சரிவு அருங்காட்சியகமே திறந்திருக்கிறார்கள். 2013-ல் பார்வையாளர்களுக்கு ஒன்றரை யூரோ கட்டணம் வைத்தார்கள், பிறகு ஐந்து யூரோ ஆக்கினார்கள். கூட்டம் குறையவில்லை, லட்சக்கணக்கில் வருகிறது.

இதில் ஒன்று யோசியுங்கள். அரிப்பை முழுசாக நிறுத்த முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும். அது தெரிந்தேதான் அங்கே வேலை செய்கிறார்கள்.

இது எனக்கு ஏன் உறைத்தது என்றால், அப்போது என் கப்பல் ஒப்பந்தம் முடியும் நேரம். ஊருக்குப் போனால் மாமா கேட்பார், "கப்பல்ல என்னடா வேலை?" "ரிப்பேர் வேலை மாமா." "அவ்வளவுதானா?" அந்த 'அவ்வளவுதானா' முள்ளாகக் குத்தும். பேரிங் மாற்றுவது, பம்ப்பைக் கழற்றிப் பூட்டுவது, துரு சுரண்டுவது. இன்று சுரண்டினால் நாளை மறுபடி துரு. இதற்கா மூன்று வருடம் படித்தோம் என்று வேலையை விட்டுவிடும் யோசனையில் இருந்தேன்.

சிவிட்டாவின் விளிம்பில் நின்று பார்த்தபோது கணக்கு வேறு மாதிரி தெரிந்தது. கட்டியவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். ஊர் இன்றைக்கு நிற்கிறது என்றால், கம்பியை இறுக்குகிறவனும் விரிசலை அளக்கிறவனும்தான் காரணம். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கப்பல் திரும்பியதும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டேன்.

நண்பர்களே, நம்மில் முக்கால்வாசிப் பேருக்குக் கிடைக்கப் போவது மெயின்டனன்ஸ் வேலைதான். இன்டர்வியூவில் அந்த வார்த்தையைக் கேட்டதும் முகம் சுளிக்காதீர்கள். யாராவது "அவ்வளவுதானா?" என்று கேட்டால், சிவிட்டா கதையைச் சொல்லுங்கள். மாமாவிடம் நானும் சொன்னேன். பாதியிலேயே, "அது சரி, சம்பளம் எவ்வளவு?" என்றார்!