உறுப்பு தேடும் பயணம்

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை முன்மாதிரியாகக் கொண்டு, 1950களின் இறுதியில் வெளிவரத் தொடங்கியது அம்பாசிடர் மகிழுந்து. கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014இல் அதன் உற்பத்தி நின்றது. எனினும், சிவகாசி வட்டாரத்து வீட்டு முற்றங்கள் சிலவற்றில் அது இன்னும் நிற்கிறது. குடும்பத்து மணமகள் வந்திறங்கிய வண்டியை இரும்புக்கடையில் எடைக்குப் போட யாருக்கு மனம் வரும்?

ஆனால், ஓட உறுப்பு வேண்டுமே! விருதுநகரிலும் மதுரையிலும் கிடைக்காவிடில் சென்னைப் புதுப்பேட்டையே புகலிடம். பழைய வண்டிகளைப் பிரித்துக் கதவும் விளக்கும் தனித்தனியே விற்கும் இடம் அது. அங்கே பெயரைச் சொன்னால் போதாது. உடைந்த உறுப்பையே காட்ட வேண்டும். எண்ணெய் வடியும் இரும்பைச் சுற்றச் சிவகாசிக்காரருக்குக் காகிதப் பஞ்சமில்லை. அச்சுப் பிசகிய நாட்காட்டித் தாள் உண்டு. சாமி படமில்லாத தாளைத் தேடுவதற்குத்தான் நேரம் பிடிக்கும். கடைக்காரரோ உறுப்பை ஒதுக்கிவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்ப்பார். "அடுத்த வருஷக் காலண்டர் ஒண்ணு கிடைக்குமா சார்?"

மாற்றியமைத்த வண்டியென்றால் குழப்பம் இரட்டிப்பாகும். பெட்ரோல் செலவுக்கு அஞ்சி, மெட்டடோர் வேனின் டீசல் இயந்திரத்தை அம்பாசிடரில் பொருத்தியவர்கள் உண்டு. "என்ன வண்டி?" என்னும் எளிய வினாவுக்கு அவர்களால் ஒரு சொல்லில் விடையளிக்க இயலாது. உடல் அம்பாசிடர், இதயம் மெட்டடோர். கியர்பெட்டி எதனுடையது என்பது அதைப் பூட்டிய மெக்கானிக் ஒருவருக்கே வெளிச்சம். அவரோ தொழிலை விட்டு ஆண்டுகள் பலவாகியிருக்கும்.

"வண்டியையே கொண்டாந்துடுங்க சார், பார்த்துடலாம்" என்பார் கடைக்காரர். அந்த உறுப்பு இல்லாமல் வண்டி 500 கிலோமீட்டர் எப்படி வரும் என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர்.