பழைய ஒலிவாங்கியும் நம் ழகரமும்

சென்ற ஆடி மாதத்தில் ஓர் ஒலிவாங்கி வாங்கினோம். புதியதன்று, ஒருவர் நான்காண்டுகள் பயன்படுத்திக் கைமாற்றியது. பாடல் பதிவுக் கூடங்களில் இருக்குமே, கம்பி வலைக் கூண்டுக்குள் அமர்ந்திருக்கும் 'கண்டென்சர் மைக்', அந்த இனம். தமிழ் கற்பிப்பவருக்கு இது எதற்கென்று வீட்டிலும் கேட்டார்கள், துறையிலும் கேட்டார்கள். அப்போது சொன்ன காரணம் ஒன்று. பிறகு தெரியவந்த காரணம் வேறொன்று.

நம் முதுகலை வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் பயில்கிறார். காங்கேயத்துக்கு அருகே ஒரு சிற்றூர். கேட்டுத்தான் படிக்க வேண்டும். திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் மென்பொருள் அவரிடம் உண்டு. ஆனால் நம் பாடநூற்கோப்புகளில் பல ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அச்சிடப்பட்டவை; அவற்றைக் கொடுத்தால் மென்பொருள் ஏதோ பிறமொழி மந்திரம் போல் உளறுகிறது. ஒருங்குறியில் கிடைக்கும் சங்கப் பாடல்களையோ மூச்சு விடாமல் ஓட்டிச் செல்கிறது. சீர் எங்கே நிற்கிறது, தொடர் எங்கே முடிகிறது என்பது அதற்கு ஒரு பொருட்டே அன்று. ஆகவே ஈராண்டுகளாகப் பாடங்களை நாமே செல்பேசியில் வாசித்துப் பதிந்து அவருக்கு அனுப்பிவந்தோம். (பதிப்புரிமை உள்ள நூல்களை இப்படிப் பதியலாமா என்று சிலர் அஞ்சுவதுண்டு. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்காக அதற்கு இடம் தந்திருக்கிறது. இதே நோக்கத்துக்காக 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை ஏற்புறுதி செய்த முதல் நாடும் இந்தியாதான். அஞ்சாமல் வாசியுங்கள்.)

சென்ற பருவத் தேர்வு முடிந்த பிறகு அவருடைய விடைத்தாளைக் காண நேர்ந்தது. அவர் சொல்ல, வேறொருவர் எழுதிய தாள். குறிஞ்சிப் பாடல் ஒன்றில் வரும் 'கழை' அங்கே 'களை' ஆகியிருந்தது. மலைச்சாரலில் அசையும் மூங்கில் போய், தினைப்புனத்தில் மண்டிய களைக்கு அவர் அழகானதொரு விளக்கம் சொல்லியிருந்தார். தினைப்புனமென்றால் களை இருப்பது இயல்புதானே? மதிப்பெண் குறைந்தது. எழுதியவரின் பிழை என்றெண்ணி வருந்தினோம். அவரோ, "எழுதினவரு மேல தப்பில்லீங்கய்யா. எனக்குக் கேட்டதே அப்படித்தானுங்க. செல்போன்ல சில எழுத்து மழுங்குதுங்க. மைக் ஒண்ணு நல்லதா இருந்தாத் தேவலாமுங்க" என்றார்.

சரி, வாங்கிவிடுவோம் என்று இறங்கினோம்.

இயற்பியல் துறை நண்பர் பொறுமையாக விளக்கினார். மேடைகளில் அரசியலாளர் கைப்பிடிக்கும் ஒலிவாங்கியில் காந்தமும் கம்பிச்சுருளும் உண்டு; அது முரட்டுப்பிறவி, கீழே விழுந்தாலும் பிழைக்கும். கண்டென்சர் அப்படியன்று. சில மைக்ரான் தடிப்பே உள்ள, பொன்பூச்சு ஏறிய ஒரு நெகிழிப் படலம். அதன் பின்னால் மயிரிழை இடைவெளியில் ஓர் உலோகத் தகடு. இரண்டுக்கும் இடையே மின்னழுத்தம் நிற்கிறது. குரல் பட்டதும் படலம் அதிர, இடைவெளி மாற, அம்மாற்றமே மின்குறிப்பாகிறது. இதற்கு வேண்டிய 48 வோல்ட்டை, குரல் போகும் கம்பி வழியாகவே எதிர்த்திசையில் அனுப்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் வருவதால் அதற்குப் 'பாண்டம் பவர்' என்று பெயராம். பேய் மின்சாரம் என்று வீட்டில் மொழிபெயர்த்துச் சொன்னோம், மனைவியார் இரசிக்கவில்லை. அமெரிக்காவில் வென்டி என்பவர் 1916இல் இதனை உருவாக்கினார். 1928இல் பெர்லினில் கியார்க் நாய்மன் தம் பெயரால் தொடங்கிய நிறுவனம் இதனை உலகெங்கும் பரப்பியது. அந்தப் பெர்லின் கருவிகளின் இன்றைய விலையைக் கேட்டபோது, பேராசைக்கும் எல்லை வேண்டுமென்று தோன்றிற்று. நம் கைக்கு எட்டுவது தொடக்கநிலைக் கருவிதான்; அதிலும் பழையதுதான்.

பழையது வாங்குவதில் ஓர் இடர் உண்டு. படலத்துக்குப் பகை ஈரமும் தூசியும். மின்னழுத்தம் நிற்கும் இடமாதலால் தூசி தானாக ஒட்டிக்கொள்ளும். துடைக்கப்போனால் படலமே போய்விடும். வெளியே பளபளப்பாக இருக்கும் கருவி உள்ளே பழுதாகியிருக்கலாம். கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல இயலாது. எனவே மாணவரையே உடன் அழைத்துச் சென்றோம்.

முதலில் போன வீடு சிங்காநல்லூரில். (சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்த ஊரல்லவா! 1947இல் வெளிவந்த 'ராஜகுமாரி' அங்கே உருவான படம். அந்நாளில் படப்பிடிப்போடு உரையாடலையும் பதிந்த நடிகர்கள் எத்தகைய கருவியின்முன் நின்று பேசினார்களோ என்று பேருந்தில் எண்ணிக்கொண்டே போனோம்.) கருவி அட்டைப்பெட்டி கலையாமல் புத்தம் புதிதாகத் தெரிந்தது. நாம் மகிழ்ந்துபோய் விலை பேசவே தொடங்கிவிட்டோம். மாணவர் செவிப்பேசியை மாட்டிக்கொண்டு, மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். எல்லாரும் பேசாமல் இருந்தோம். சற்று நேரம் கழித்து, "வெளிய மழை தூறுதுங்களாய்யா?" என்றார்.

வெளியே நல்ல வெயில்.

விற்பவர் முகம் வாடிவிட்டது. சென்ற மழைக்காலத்தில் சுவரோரம் வைத்திருந்ததாக ஒப்புக்கொண்டார். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்தத் தூறல் அவருடைய காதுக்கே கேட்டிருக்காது.

இரண்டாவது வீடு கணபதியில். பக்திப் பாடல்களும் கடை விளம்பரக் குரல்களும் பதிந்துகொண்டிருந்த இளைஞர், வேலை கிடைத்துப் பெங்களூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருடைய கருவியின் உடல் முழுதும் கீறல். ஆனால் அதை எவர்சில்வர் சம்படத்தில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் நான்கைந்து போட்டு மூடி வைத்திருந்தார். மாணவர் நெடுநேரம் கேட்டுவிட்டு, "யாரோ வாட்ச் கட்டியிருக்கீங்க" என்றார். கட்டியிருந்தது நாம்தான். தாங்கியும், பகரம் வெடிக்காமல் தடுக்கும் வலைத்திரையும் சேர்த்து 6,500 ரூபாய்.

வீடு வந்த பிறகுதான் அதன் குணம் விளங்கிற்று. அதற்குக் கேட்காதது எதுவுமில்லை. நம் வீடு வடவள்ளிக்கு அப்பால். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்று சன்னல் கதவை ஆட்டுவது, அடுத்த வீட்டுத் தண்ணீர் மோட்டார், சுவர்ப்பல்லி, இப்போது கொங்குநாடெங்கும் பெருகிவிட்ட மயில்களின் அகவல் எல்லாம் குறுந்தொகையோடு கலந்து பதிவாயின. மயில் குறிஞ்சிக்குரிய பறவைதான் என்றாலும் உரையாசிரியராக அதனை ஏற்பதற்கில்லை. பீரோவிலிருந்த பவானி ஜமுக்காளங்கள் இரண்டை எடுத்துச் சுவரில் தொங்கவிட்டு, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வாசித்தோம்.

முதல் பதிவைச் செவிப்பேசியில் போட்டுக் கேட்டோம். துல்லியம்! நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரியும் ஓசை கூடத் தெரிந்தது. அந்தத் துல்லியத்தோடு, 'கழை' என்ற இடத்தில் 'களை' என்று நம் குரல் சொல்லிற்று.

மறுபடி கேட்டோம். களைதான். வேறு பாடல்களை எடுத்துப் பார்த்தோம். தனிச்சொல்லாக நிறுத்திச் சொன்ன இடங்களில் ழகரம் ஒழுங்காக இருந்தது. வாசிப்பு வேகம் பிடித்தவுடன் 'உழை' என்னும் மான் 'உளை' என்னும் பிடரிமயிராயிற்று. நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தை வருட ழகரம் பிறக்கும் என்று தொல்காப்பியப் பிறப்பியலை இருபதாண்டுகளாக நடத்தி வருகிறோம். கரும்பலகையில் நாக்கின் படம் கூட வரைந்திருக்கிறோம். செல்பேசியைக் குறை சொன்னதெல்லாம் வீண். அது கேட்டதைத்தான் கொடுத்தது.

அன்றே மாணவரை அழைத்துச் சொன்னோம். சிறிது நேரம் பேசாமலிருந்தார்.

"அது அப்பவே தெரியுமுங்கய்யா."

"பிறகு ஏன் செல்பேசி என்றீர்கள்?"

"உங்ககிட்ட எப்படிங்கய்யா சொல்றது? நல்ல மைக் வந்தா நீங்களே கேட்டுக்குவீங்கன்னு நெனச்சேனுங்க."

அவர் முன் வருத்தத்தை விட வெட்கமே மிகுந்தது. சிறுவயதில் ஊர்க்கோயிலில் உடுக்கையடித்து இரவெல்லாம் பாடும் அண்ணன்மார் கதையைக் கேட்டு வளர்ந்தவர் அவர். காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் 1965இல் மானிடவியலாளர் பிரெண்டா பெக் அக்கதையைப் பாடகர் வாயிலாகக் கேட்டு நாடாவில் பதிந்தார். சென்னையில் ஆசியவியல் நிறுவனம் 1992இல் அதனைத் தமிழும் ஆங்கிலமுமாக இரு பகுதிகளில் வெளியிட்டது. அந்நூலைப் பலமுறை மாணவர்க்கு எடுத்துக்காட்டியிருக்கிறோம். ஆனால் அது முதலில் ஒரு குரலாக இருந்தது என்பதை ஒருநாளும் நின்று எண்ணியதில்லை. எழுத்தில் பார்க்கும்போது ழகரம் எப்போதும் சரியாகவே இருக்கிறது.

பழைய பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டோம். இரண்டு ஆண்டுகளின் உழைப்பு, பரவாயில்லை. இப்போது சனிக்கிழமை இரவு மாணவர் விடுதியிலிருந்து நம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். விடியலில் நாம் வாசிக்க, அவர் செவிப்பேசியோடு எதிரே அமர்ந்திருக்கிறார். நாக்கு வழுக்கினால் விரலால் மேசையை ஒருமுறை தட்டுவார். அந்த அடியை மறுபடி வாசிப்போம். முதல் வாரம் தட்டுவதற்கே மிகவும் தயங்கினார். மனைவியார் காப்பியோடு வந்து, "நல்லா தட்டுப்பா" என்று சொன்ன பிறகு சற்றுத் துணிந்தார்.

இந்த ஞாயிறு பன்னிரண்டு பாடல்கள் முடிந்தன. மூன்று முறை தட்டினார். ஒன்று மயிலுக்கு.