வனத்துச் சின்னப்பரும் செம்பனைக் காடும்

கோலசிலாங்கூர் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? புக்கிட் மெலாவத்திக் குன்றில் கைப்பையைப் பிடித்து இழுக்கும் குரங்குகள், 1907-இல் எழுந்த கலங்கரை விளக்கம், கம்போங் குவாந்தானில் இரவிலே படகேறிப் பார்க்கும் மின்மினிகள். பிள்ளைகளுக்கு இவை போதும். பெரியவர்கள் சிலாங்கூர் ஆற்றை ஒட்டி இன்னும் கொஞ்சம் உள்ளே வாருங்கள்.

பெயர்ப் பலகை பெஸ்தாரி ஜெயா என்று சொல்லும். 2007 வரை அது பத்தாங் பெர்ஜுந்தை; நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இன்றும் பழைய பெயர்தான். இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் துரை, இந்த நாட்டில் முதன்முதலாக வாணிபத்திற்கென்று செம்பனை நட்டார். மலாயா வாழ்வைப் பற்றி நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசையும் பெற்றார். குழி வெட்டிய கைகளுக்குப் பரிசு ஏது!

செம்பனைக்கு ஏறக்குறைய 25 ஆண்டுதான் வாழ்வு. பிறகு சாய்த்துவிட்டுப் புதுக் கன்று வைப்பார்கள். மரம் மட்டுமா? தோட்டம் கைமாறுகிறது, லயம் இடிகிறது, கோயிலும் சிற்றாலயமும் இருந்த இடத்தில் புல் முளைக்கிறது. அப்படியானால் எதுதான் நிற்கும் என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

இவ்வூரில் புனித வனத்துச் சின்னப்பர் ஆலயம் இருக்கிறது. திருத்தூதர் சின்னப்பர் வேறு, இவர் வேறு. எகிப்து நாட்டுக்காரர், மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில் பாலைவனத்துக்கு ஓடி, ஒரு குகையில் தங்கிவிட்டவர். திருநாள் ஜனவரி 15, நம் பொங்கலை ஒட்டியே வருகிறது.

இவர் கதையைப் புனித ஜெரோம் எழுதி வைத்திருக்கிறார். குகையருகே ஒரு பனை வகை மரம். அதன் கனியே உணவு, ஓலையே உடை. பிறகு நாள்தோறும் ஒரு காகம் அரை ரொட்டி கொண்டு வந்ததாம். முதுமையில் வனத்து அந்தோணியார் தேடி வந்த அன்று, காகம் முழு ரொட்டியைப் போட்டது. யார் முதலில் பிட்பது? நீர் பெரியவர், நீர் விருந்தாளி என்று சொல்லிச் சொல்லியே பொழுது சாய்ந்தது. கடைசியில் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். நம் கல்யாண வீட்டுப் பந்திகூட இவ்வளவு தாமதமாகாது!

எனக்குப் பிடித்தது வேறொன்று. அத்தனை ஆண்டு ஜெபத்தில் கழித்தவர் அந்தோணியாரிடம் முதலில் விசாரித்தவற்றில் ஒன்று, ஊர்களில் புது வீடுகள் கட்டுகிறார்களா என்பது.

தோட்டத்தை விட்டு வெளியேறச் சொன்ன கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மோட்சத்தில் நமக்கு வீடு இருக்கிறது, டீச்சர், இங்கே எதற்குச் சண்டை?" என்ற அம்மாவையும் பார்த்திருக்கிறேன். ஓவர்டைம், சேமநிதி, தவணை என்று ஓடி, ஞாயிற்றுக்கிழமையையே மறந்த அவர் மகனையும் பார்த்திருக்கிறேன். இருவரும் நல்லவர்களே. ஆனால் அம்மா பேரப்பிள்ளைகளுக்குக் கூரை வேண்டும் என்பதை விட்டார். மகன் அந்தக் கூரையின்கீழ் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதை விட்டார். வீட்டுக்காக மனுப் போடுவது விசுவாசக் குறைவு ஆகாது, அம்மா! குகையில் இருந்தவரே வீட்டைப் பற்றிக் கேட்டார்.

திருநாளுக்கு வந்தால், இருட்டுவதற்குள் தோட்டப் பாதையிலும் ஒரு நடை போய்வாருங்கள். வெட்டிப் போட்ட மட்டையிலிருந்து ஈர்க்கு சீவி விளக்குமாறு கட்டும் பாட்டிமாரைப் பார்த்தால் ஒன்று வாங்குங்கள், பேரம் வேண்டாம்.

சின்னப்பர் இறந்தபின் அந்தோணியார் குகையிலிருந்து எடுத்துப் போனது ஒரே பொருள்: அந்த ஓலை உடை. ஈஸ்டருக்கும் பெந்தெகோஸ்தே நாளுக்கும் அதைத்தான் உடுத்துவாராம்.