காப்பி என்றொரு பெண்

“அம்மா, காப்பி பாடறா, கேளேன்!” என்றாள் என் மகள்.

“டிகாஷனே இன்னும் இறங்கலை, அதுக்குள்ள பாட்டா?” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜமைக்காவில், ஸ்பானிஷ் டவுனில் 2000-ல் பிறந்த மிகேலா சிம்ப்சனின் மேடைப் பெயராம் அது. வெயில் கொளுத்திய ஒரு நாள் பள்ளியில் மற்றவர்கள் சோடா குடிக்க, இவள் மட்டும் காப்பி குடித்தாளாம். (நம்ம வீட்டுப் பெண் மாதிரி இல்லை?)

தாய் தனியாளாக வளர்த்த பெண். சர்ச்சில் பாடிப் பழகி, 12 வயதில் இரவல் கிடாரில் தானே வாசிக்கக் கற்றாள். ஓட்ட வீரர் உசேன் போல்ட்டைப் பற்றி 2017-ல் பாடியதை அவரே பலருக்கும் பகிர, பெயர் பரவியது. 2020-ல், 19 வயதில், ரெகே தொகுப்புக்கான கிராமி விருது! தனிப் பாடகி ஒருத்தி அதை வாங்கியது அதுவே முதல் முறை.

தெருவில் ஒலிபெருக்கி அடுக்கி, தாளத்தின் மேல் படபடவென்று பாடும் டான்ஸ்ஹாலில் ஆண்கள் ராஜ்யம். முரட்டுப் பேச்சும் நிறைய. இவளோ ‘டோஸ்ட்’ பாட்டில் கிடைத்ததற்கெல்லாம் நன்றி சொல்கிறாள்.

பரீட்சை முடியட்டும் என்று என் மகளின் கிடாரைப் பரணில் ஏற்றியவள் நான். அன்று சாயங்காலமே ஸ்டூல் போட்டு இறக்கினேன். ஒரு தந்தி அறுந்திருந்தது.

“பரவாயில்லம்மா” என்றாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.