வெட்டுத் துணியும் கோரைப் பாயும்



ஓவியம் படிக்கும் முஸ்லிம் பெண்ணிடம் உறவினர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "உருவம் வரைவது கூடாதே, அதைப் போய் ஏன் படிக்கிறாய்?" நிக்காஹ் வீடுகளிலும் பெருநாள் சந்திப்புகளிலும் படிப்புக் காலம் முழுவதும் இதைக் கேட்டிருக்கிறேன். தொடக்கத்தில் கோபம் வந்தது. பின்னர் வெட்கம் வந்தது. ஏனெனில் அந்தக் கேள்வி என் உள்ளத்திலும் இருந்தது. சென்ற மாதம் எங்கள் இறுதியாண்டுக் கண்காட்சி நிறைவடைந்தது, அல்ஹம்துலில்லாஹ். இத்தனை ஆண்டுகளில் நான் கண்ட விடையை இங்கே எழுதிவைக்கிறேன். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒரு மாணவி தன் தொழிலையும் தன் ஈமானையும் ஒரே மேசையில் வைத்துக்கொள்ள முயன்ற அனுபவமாக இதைப் படியுங்கள்.

எங்கள் ஊர் செட்டியார்பட்டி. இராசபாளையத்திற்குத் தெற்கே, தளவாய்புரத்தை ஒட்டி இருக்கிறது. மேற்கே திரும்பினால் மலைத்தொடர். தெருவுக்குள் நடந்தால் தையல் இயந்திரங்களின் ஓசை. பெண்கள் அணியும் நைட்டிக்குப் பெயர்பெற்ற பகுதி இது. என் அத்தா ஒரு தையற்கூடத்தில் கட்டிங் மாஸ்டர். ஓவியப் பள்ளி என்று ஒன்று உண்டென அறியும் முன்பே, நான் பார்த்த முதல் ஓவியக்கூடம் அவருடைய வெட்டு மேசைதான்.

நீளமான மேசையில் துணியை அடுக்கடுக்காக விரிப்பார்கள். ஐம்பது, அறுபது அடுக்கு சேர்ந்ததும் மேலடுக்கில் அட்டைகளை வைத்து, சாக்பீஸால் கோடிடுவார் அத்தா. முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப் பட்டி என ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. அவற்றை எப்படித் திருப்பி, எந்த இடுக்கில் எதை நுழைத்தால் துணி மிச்சமாகும் என்பதில்தான் அவருடைய திறமை இருக்கிறது. ஒரு நைட்டிக்கு நான்கு விரற்கடை மிச்சப்படுத்தினால் ஒரு கட்டு முடிவில் பல மீட்டர் மிஞ்சும். கோடு முடிந்ததும் வெட்டும் இயந்திரம் அத்தனை அடுக்குகளையும் ஒன்றாக அறுத்துக்கொண்டு போகும். கீழே விழும் துண்டுகளைப் பொறுக்கி விளையாடிய எனக்கு ஒன்று வியப்பாக இருந்தது: வேண்டாமென்று கழித்த துண்டுகள்கூட ஒரே வடிவில் அறுபது கிடைத்தன. பிற்காலத்தில் அச்சோவியம் படிக்கையில், ஒரே கட்டையிலிருந்து பல படிகள் எடுத்து அவற்றுக்கு வரிசை எண் இடும் முறையை ஆசிரியர் விளக்கினார். எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

இரண்டாவது ஓவியக்கூடம் நன்னியின் வீடு. அம்மாவின் தாயார் பத்தமடையைச் சேர்ந்தவர். தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்யும் பாய்க்கு அவ்வூர் பெயர்பெற்றது. புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. அங்கே தலைமுறை தலைமுறையாக நெய்பவர்களில் நம் சமுதாயப் பெண்களே மிகுதி. கோரையைக் கீறி, காயவைத்து, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மீண்டும் மெல்லிய இழையாகக் கீறுவார்கள். பருத்தி நூற்பாவில் அதை ஊடாக நுழைத்து நெய்தால், பட்டுத்துணிபோல் மடிக்கக்கூடிய பாய் வரும். மணமக்கள் பெயரை நெய்து கொடுப்பதும் உண்டு. திருமணமாகி வந்தபோது நன்னி தாம் நெய்த பாய் ஒன்றைத் தொழுகைக்கென்று கொண்டுவந்தார். இறுதிவரை அதில்தான் தொழுதார். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழை எனக்குக் கற்றுத் தந்தவரும் அவரே. பள்ளிக்கூடத்தில் இடமிருந்து வலமாகவும், நன்னியின் மடியில் வலமிருந்து இடமாகவும் ஒரே தமிழைப் படித்தேன்.

சென்னை எழும்பூரில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சி அது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி, கே.சி.எஸ். பணிக்கர் போன்றோர் தலைமை வகித்த இடம். பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறிகளும்' வரிசை ஓவியங்களைப் படங்களில் பார்த்தபோது, எழுத்தையே உருவமாக்கலாம் என்ற எண்ணம் முதன்முதலாக எனக்குள் விழுந்தது. ஆயினும் ஓவியக் கல்வியின் அடிப்படைகளில் ஒன்று மனித உருவப் பயிற்சி. கண்ணையும் கையையும் பழக்குவதற்கு அதைவிடக் கடினமான பாடம் இல்லை. முதல் நாள் கரித்துண்டைப் பிடித்தபோது என் விரல்கள் நடுங்கின. அன்றிரவு விடுதியில் இஷா தொழுதேன். என்ன ஓதினேன் என்பது நினைவில் இல்லை.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, எனக்குச் சிறுவயதில் ஓதிக்கொடுத்த ஹழ்ரத்திடம் அம்மாவையும் அழைத்துக்கொண்டு சென்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டு செய்திகளை எடுத்துச் சொன்னார். முதலாவது, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் ஒருவர் வந்து, உருவங்கள் செய்வதே தம் பிழைப்பு என்று சொன்ன நிகழ்ச்சி. உருவம் செய்வோருக்கான எச்சரிக்கையை இப்னு அப்பாஸ் (ரலி) எடுத்துரைத்ததும் அம்மனிதரின் முகம் வெளிறிப் போயிற்று. அவரை அந்த அச்சத்திலேயே விட்டுவிடாமல், செய்துதான் ஆகவேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்யுமாறு வழிகாட்டினார்கள். இரண்டாவது, ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டில் தொங்கவிட்ட உருவங்கள் கொண்ட திரையை நபி (ஸல்) அவர்கள் வெறுத்து நீக்கியதும், அத்துணியிலிருந்து தலையணைகள் செய்யப்பட்டதும். கட்டிங் மாஸ்டரின் மகளான எனக்கு இரண்டாவது செய்தி நேரே நெஞ்சில் தைத்தது. திரை போயிற்று, துணி வீணாகவில்லை.

படிப்புக்காக வரையும் கோட்டுருவங்களைப் பற்றி ஆலிம்களிடையே வேறுபட்ட கருத்துகள் உள்ளன என்பதையும் ஹழ்ரத் மறைக்கவில்லை. "உன் உள்ளம் எதில் அமைதி அடைகிறதோ அதைப் பார், ஐயமானதை விட்டுவிடு" என்றார். பாடத்திற்குரிய பயிற்சிகளை முடித்தேன். எனக்கென்று ஒன்றை உருவாக்கும் இடத்தில் உயிருள்ள உருவங்களை விட்டுவிடுவதென்று முடிவெடுத்தேன். சொல்வதற்கு எளிதாக இருந்த அந்த முடிவின் விலையை அப்போது நான் அறியவில்லை.

உருவத்தை விட்டால் எஞ்சுவது என்ன என்ற திகைப்பில் நூலகத்தில் தேடியபோது இரண்டு பெண்களைக் கண்டேன். இருவரும் முஸ்லிம் குடும்பங்களில் 1937இல் பிறந்தவர்கள். கராச்சியில் பிறந்த நஸ்ரீன் முகமதி, 1972 முதல் 1990இல் மறையும்வரை பரோடாவில் ஆசிரியராக இருந்தவர். தாளும் மையும் பென்சிலும் வரைகருவிகளுமே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. உடலின் இயக்கத்தையே குலைக்கும் நரம்பு நோயோடு போராடியபடி, இம்மியும் பிசகாத நேர்கோடுகளை இழுத்தார். தம் படைப்புகளுக்குத் தலைப்பும் இடவில்லை. அக்கோடுகளைப் பார்த்தபோது நன்னியின் தறியில் கட்டிய பாவு நினைவுக்கு வந்தது.

மற்றவர் அலிகரில் பிறந்த ஜரீனா ஹாஷ்மி. கணிதம் படித்துவிட்டு அச்சோவியத்திற்கு வந்தவர். அவர் குடும்பம் பாகிஸ்தானுக்குப் பெயர்ந்துவிட, அவர் பல நாடுகளில் வாழ்ந்து 2020இல் லண்டனில் மறைந்தார். 1999இல் அவர் செய்த மரச்செதுக்கு வரிசையில் 36 படங்கள். ஒவ்வொன்றிலும் வீட்டைச் சார்ந்த ஓர் உருதுச் சொல்லும், சில கோடுகளும் மட்டுமே இருக்கும். ஒரு முகம்கூட இல்லை. ஆயினும் வீட்டை இழந்தவர்கள் அனைவரும் அதில் இருக்கிறார்கள். இது பிற ஊர்களில் மட்டும் நிகழ்ந்ததன்று என்பதையும் பின்னர் உணர்ந்தேன். கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளியில், நம் நாட்டுக் கோயில்களைக் கட்டிய அதே கல்தச்சு மரபில் தூண்கள் நிற்கின்றன. உளி அதே உளிதான். தெய்வ உருவம் வரும் இடத்தில் பூவும் கொடியும் வந்திருக்கின்றன.

அதன் பிறகு என் வேலைக்கு ஓர் ஒழுங்கு அமைந்தது. ஒட்டுப்பலகையில் உளியால் செதுக்குவேன். உருளையால் மை பூசுவேன். அத்தாவின் கூடத்திலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்த வெட்டுத் துண்டுகளில் அச்செடுப்பேன். அச்சில் எழுத்துத் திரும்பி விழுமாதலால் கட்டையில் தலைகீழாய்ச் செதுக்கவேண்டும். அரபுத்தமிழ் எழுத்துகளைச் செதுக்கும்போது அவை இடமிருந்து வலமாக, தமிழ் ஓடும் திசையிலேயே ஓடும். பாய், கோரை, ஊசி, கிணறு போன்ற அன்றாடச் சொற்களை மட்டுமே செதுக்கினேன். துணித் துண்டுகள் தரையில் விழும், காலில் மிதிபடும். அவற்றில் அல்லாஹ்வின் திருநாமமோ திருமறையின் சொல்லோ இருக்கக்கூடாது என்பதை எனக்கு நானே விதித்துக்கொண்டேன்.

அச்சு மை எண்ணெய் கலந்தது. விரலில் காய்ந்தால் படலமாகப் படிந்து, தோலில் நீர் படாமல் தடுக்கும், உளூ நிறைவேறாது. கறை மட்டும் தங்கினால் மருதாணியைப் போல அதனால் தீங்கில்லை, படலத்தைத்தான் நீக்கவேண்டும். சமையல் எண்ணெயைத் தேய்த்து, துணியால் துடைத்து, சவர்க்காரமிட்டு நகக்கண்வரை கழுவ இருபது நிமிடமாகும். ஆகவே ஃபஜ்ருக்குப் பின் செதுக்குவது, லுஹருக்கும் அஸருக்கும் இடையில் மை பூசி அச்செடுப்பது, மஃரிபுக்குப் பின் தைப்பது என்று நாளைப் பிரித்துக்கொண்டேன். தொழுகை என் வேலையைத் துண்டாக்குகிறது என்று முதலில் அலுத்துக்கொண்டதுண்டு. மை காய்வதற்கும் எப்படியும் நேரம் வேண்டியிருந்தது.

மூன்றாம் ஆண்டில் நன்னி மவுத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவருடைய படமென்று எங்களிடம் இருந்தது, ஏதோ அட்டைக்காக எடுத்த மங்கலான ஒன்று மட்டுமே. "நீதான் வரையத் தெரிந்தவளாயிற்றே, நன்னியின் முகத்தை வரைந்து கொடு" என்று அம்மா கேட்டார்கள். கேட்டவர் என் தாய். கேட்டது அவருடைய தாயின் முகம். என்னால் வரைய முடியும் என்பது எனக்குத் தெரியும். தாளை விரித்து, நெற்றியின் வளைவு வரை வந்து நிறுத்திவிட்டேன். அன்று அம்மா என்னுடன் பேசவில்லை. உறுதியாக இருந்தேன் என்று பெருமை பேச மாட்டேன். அந்தக் கோடு இன்னும் என் கையில் அரித்துக்கொண்டிருக்கிறது.

நாற்பதாம் நாள் நன்னியின் தொழுகைப் பாயை விரித்தபோதுதான் அதைக் கண்டேன். ஏழு இடங்களில் கோரை தேய்ந்திருந்தது. நெற்றி, இரு கைகள், இரு முழங்கால்கள், இரு பாத விரல்கள். ஸுஜூதில் தரையைத் தொடும் ஏழு உறுப்புகளும் ஐம்பதாண்டுக் காலம் அதில் பதிந்திருந்தன. நெற்றிக்கும் முழங்காலுக்கும் இடையிலான தொலைவைக் கொண்டே நன்னி எவ்வளவு சிறிய உருவம் என்று சொல்லிவிடலாம்.

பாயின் மேல் மையைப் பூச மனம் வரவில்லை. மெல்லிய தாளை அதன்மேல் பரப்பி, பென்சிலால் தேய்த்துத் தேய்வின் தடத்தை எடுத்தேன். அதைப் பலகைகளில் இழை இழையாகச் செதுக்க ஐந்து மாதம் பிடித்தது. நாற்பது வெட்டுத் துண்டுகளில் பகுதி பகுதியாக அச்சிட்டு, அவற்றைப் பாயின் அளவிலேயே இணைத்துத் தைத்தேன். அதுவே என் இறுதிப் படைப்பு.

அத்தா என் படிப்பைப் பற்றி நல்லதும் சொன்னதில்லை, அல்லதும் சொன்னதில்லை. கட்டணத்தை மட்டும் தவறாமல் கட்டிவந்தார். கண்காட்சிக்கு வருவார் என்று நான் நினைக்கவில்லை. பொதிகை இரயிலில் அம்மாவுடன் வந்து இறங்கினார். அந்தத் துணியின் முன் இருவரும் நின்றார்கள். அம்மா நெற்றி பதிந்த இடத்தைப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். "இது மாமியோட பாய்தானே?" என்றார் அத்தா. பிறகு தொழிற்காரரின் கண்ணோடு மேலிருந்து கீழ்வரை நோக்கினார். இடப்பக்கத்தில் ஒரு துண்டைச் சுட்டிக் காட்டி, "இதுல மட்டும் கிரெயின் திரும்பியிருக்கும்மா. ஒரு தடவை தண்ணி பட்டா இழுத்துக்கும்" என்றார்.

ஆசிரியர்கள் எவரும் காணாத பிழை. உண்மையில் அங்கே நூலோட்டம் குறுக்கே போயிருந்தது.

"இறக்கினதும் வீட்டுக்குக் கொண்டு வா, பிரிச்சு மாத்திரலாம்" என்று சொல்லிவிட்டு, அஸருக்கு நேரமாகிறது என்று பள்ளிவாசல் எங்கே இருக்கிறதென விசாரித்தார். இத்தனை ஆண்டுகளில் என் வேலையைப் பற்றி அவர் பேசிய முதற்சொற்கள் அவை.

பிள்ளைகள் ஓவியம் படிக்க விரும்புகிறார்கள் என்று கலங்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். கதவை அடைக்கும் முன் அவர்களை அறிந்த ஓர் ஆலிமிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர்களுடன் நீங்களும் அமர்ந்து கேளுங்கள். படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று: எதை விடுகிறீர்களோ அதன் வலியை மறைக்காதீர்கள், எஞ்சியதில் என்ன இருக்கிறது என்று பொறுமையாகப் பாருங்கள்.

இப்போது ஊரில் இருக்கிறேன். அந்தத் துண்டைப் பிரித்தாயிற்று. மாற்றுத் துணிக்கு அத்தா கோடு போட்டுத் தந்திருக்கிறார். நன்னியின் மஃக்பிரத்திற்காகவும் என் நிய்யத் பிசகாமல் இருப்பதற்காகவும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.