குமரிமுனை மணற்கடை

குமரிமுனைக்கு வரும் வெளியூர் நண்பர்களை நான் முதலில் அழைத்துச் செல்வது கோயிலை அடுத்த கடற்கரைக் கடைகளுக்குத்தான். உப்புக்காற்றில் படுதாக்கள் படபடக்கும். சங்கு, சோழி, பாசிமணி, சாயம் வெளுக்கும் போலி முத்து. இவற்றிடையே சிறு பொட்டலங்களில் பலநிற மணல். சுசீந்திரத்து இறைவன் வந்து சேராததால் நின்றுபோன அம்மன் திருமணத்தின் அரிசியும் பருப்புமே இப்படி மணலாயின என்பார்கள். வாங்குவோர் பாதி நம்பிச் சிரிப்பார்கள்.

சிவப்பு கார்னெட்; நவமணிகளுள் ஒன்றான கோமேதகம் இதன் உறவுதான். கறுப்பு இல்மனைட். தேன்நிறத் துகள் மோனசைட். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் மணவாளக்குறிச்சி மணலில் இதைக் கண்டறிந்தார். இதிலுள்ள தோரியம் அன்று ஐரோப்பியரின் காஸ் விளக்குத் திரிகளுக்கு வேண்டியிருந்தது. இன்று அணுசக்தித் துறையின் நிறுவனம் அங்கே மணலைப் பிரித்தெடுக்கிறது.

அதே மணலில்தான் வலை உலர்கிறது, பிள்ளைகள் புரண்டு விளையாடுகிறார்கள். அங்கே கதிரியக்கம் இயற்கையிலேயே மிகுதி. நவமணிகளைப் பற்றிய பாடத்தின்போது கடற்கரை ஊர் மாணவி ஒருத்தி கேட்டாள்: "எங்க ஊரு மண்ணும் ரத்தினந்தானே சார், பின்ன எதுக்கு அதப் பாத்துப் பயப்படுகோம்?"

இத்தகைய மணல் கொண்ட கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல்லாண்டு நடத்திய ஆய்வு, கதிரியக்கத்தால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை என்று 2009இல் வெளியானது. வகுப்பில் அதைச் சொன்னேன். அக்கடற்கரையின் இழவு வீடுகளில் அதைச் சொல்ல எனக்கு நா எழுந்ததில்லை.