அப்பாவின் 'ழ'

"மலருக்கு ஒரு கட்டுரை கொடுடா, எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுது" என்று நம் பேரவைச் செயலாளர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதைப் பற்றி வேண்டுமானாலும் என்றால்தான் நண்பர்களே, கை ஓடுவதில்லை! கடைசியில், லீவு நாட்களில் நான் வேலை பார்க்கும் விளம்பரக் கடையைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்தேன். டிப்ளமோ முடித்ததும் சொந்தமாகத் தொழில் தொடங்குவோம் என்று கேன்டீனில் உட்கார்ந்து பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

கடை கோவில்பட்டியில் இருக்கிறது. முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். 1988-இல் ஒரு சைக்கிள், நாலு பிரஷ், இரண்டு டப்பா எனாமல் பெயிண்ட். இவ்வளவுதான் அவருடைய முதலீடு. அவரிடம் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த ஆர்ட்டிஸ்ட் என் அப்பா. அப்போது அப்பாவுக்குப் பதினாறு வயது. படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் சுவரில் அப்பா ஒரு 'ழ' போட்டால் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்களாம். சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டு, நீலப்பொடி தொட்ட நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் கோடு விழும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் எழுத்து. அளவுகோல் கிடையாது. சிமெண்ட், உரம், ஜவுளிக்கடை, தேர்தல் என்று எட்டயபுரம் ரோட்டில் அப்பா எழுதாத சுவர் இல்லை.

பிறகு ஃபிளக்ஸ் வந்தது. ஒரு நாள் வேலையை மெஷின் அரை மணி நேரத்தில் துப்பிவிடும். முதலில் அண்ணாச்சி சி.டி.யில் டிசைனைப் போட்டுக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறி, ராத்திரி சுருட்டோடு வருவார். 2011-இல் பேங்க் லோன் போட்டு அவரே மெஷின் வாங்கினார். ஊரில் போர்டு எழுதிக்கொண்டிருந்தவர்கள் தீப்பெட்டி ஆபீசுக்கும், ஜவுளிக்கடை வாட்ச்மேன் வேலைக்கும் போனார்கள். அண்ணாச்சி மட்டும் என் அப்பாவையும் இன்னொரு மாமாவையும் அனுப்பவில்லை. ஆனால் வேலை மாறியது. பிரஷ் பிடித்த கை ரீப்பர் சட்டத்துக்கு ஆணி அடித்தது. அந்தக் காலத்தில் அப்பா வீட்டில் அதிகம் பேச மாட்டார் என்று அம்மா சொல்வாள்.

இனி என் கதை. போன வருடம் 'பக்கத்தில் உள்ள ஒரு தொழிலைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுங்கள்' என்று சார் சொன்னார். எனக்குக் கைக்குள்ளேயே கடை இருக்கிறதே! டிசைன் பண்ணும் அக்காக்கள் இரண்டு பேர், மெஷின் பார்ப்பவர் ஒருவர், மாட்டுகிறவர்கள் மூன்று பேர், வசூலுக்கு ஒருவர், கை ஓவியர்கள் இரண்டு பேர். மொத்தம் ஒன்பது. ஆளுக்கு இவ்வளவு வரவு, இவ்வளவு செலவு என்று கட்டம் போட்டேன். முடிவில், 'கை ஓவியர் இருவரை நிறுத்தினால் மாதம் ரூ. 26,000 மிச்சமாகும்' என்று எழுதினேன். 25-க்கு 23 மார்க். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் அல்லவா, பெருமை தாங்கவில்லை. அதைக் கொண்டுபோய் அண்ணாச்சியிடமே கொடுத்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்தார். "கணக்கு சரியாத்தாம்ல இருக்கு" என்றார். பிறகு, "சரி, வீட்டுக்குப் போயி நீயே ஒங்க அப்பாட்ட சொல்லிரு" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டத்துக்குள் 'கை ஓவியர் – 2' என்றுதான் எழுதியிருந்தேன். அதில் ஒருவர் என் அப்பா என்பது, சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது மனதில் படவே இல்லை.

அண்ணாச்சி திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்துப் பழைய கணக்கு நோட்டைப் புரட்டினார். 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலம் முழுக்க டிஜிட்டல் பேனருக்கு இடைக்காலத் தடை போட்டது. மெஷினுக்குத் துணி போர்த்தியாயிற்று, லோன் தவணைக்கு யார் துணி போர்த்துவது? அந்த நேரத்தில் சுவர் வேலை கேட்டு ஆட்கள் வந்தார்கள். வெளியே அனுப்பாத இரண்டு பேரும் ஏணியோடு கிளம்பினார்கள். அந்த மாதங்களில் டிசைன் அக்காக்களின் சம்பளம் அப்பாவின் பிரஷிலிருந்துதான் வந்தது. நோட்டில் தேதியோடு இருக்கிறது. அடுத்த வருடம் செப்டம்பரில் சென்னையில் பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் இறந்தாள். அதன் பிறகு அனுமதி இல்லாத பேனரை அண்ணாச்சி அடித்துக் கொடுப்பதில்லை. வருமானம் குறைந்ததுதான்.

2020 மார்ச் ஊரடங்கு நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். கல்யாணம் இல்லை, கொடை இல்லை, திறப்பு விழா இல்லை. விளம்பரத்துக்கு அங்கே என்ன வேலை? அண்ணாச்சி ஒன்பது பேருக்கும் பாதிச் சம்பளம் கொடுத்தார். அக்காவின் செயின் அடகுக்குப் போன விஷயம் எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். ரேஷன் கடை, காய்கறிக் கடை வாசல்களில் இடைவெளி விட்டு நிற்க வெள்ளை வட்டம் போடுவார்களே, எங்கள் பக்கம் நிறைய வட்டம் அப்பா போட்டது. பதிமூன்று வயதில் நான் பெயிண்ட் டப்பா தூக்கிக்கொண்டு போனேன்.

அதே வருடம் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிறகு பாக்கெட்டை மாற்ற வேண்டும் என்று கடைக்காரர்கள் வந்தார்கள். கம்ப்யூட்டர் எழுத்தில் போட்டால் எல்லாப் பாக்கெட்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது! அப்பா தாளில் கையால் எழுத, அதை ஸ்கேன் பண்ணி டிசைன் அக்கா கோரல் டிராவில் வரைந்து எடுத்தார். இப்போது கடையில் நல்ல லாபம் தருவது அந்த வேலைதான். என் ரிப்போர்ட்டில் அதை 'இதர வரவு' என்று போட்டிருந்தேன்.

அண்ணாச்சியிடம் குறை இல்லையா? உண்டு. எதையும் எழுதி வாங்க மாட்டார். தேர்தல் பாக்கி மலைபோல் நிற்கிறது. தோற்றவரிடம் காசு இல்லை, ஜெயித்தவரிடம் கேட்கப் பயம்! அவரே வேலை கற்றுக்கொடுத்த ஒரு அக்கா, கூடுதல் சம்பளத்துக்குக் கோயம்புத்தூர் போனபோது ஒரு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார். அந்த அக்கா போனது சரி என்பதே என் கட்சி.

டேவிட் ஓகில்வி என்று ஒருவர். ஆக்ஸ்போர்டு படிப்பைப் பாதியில் விட்டு, பாரிஸில் ஓட்டல் சமையற்கட்டில் நின்று, வீடு வீடாக அடுப்பு விற்று, 1948-இல் நியூயார்க்கில் விளம்பரக் கம்பெனி தொடங்கியவர். பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ரஷ்யப் பொம்மையைக் கொடுப்பாராம். நம்மைவிடச் சின்ன ஆட்களையே வேலைக்கு எடுத்தால் கம்பெனி குள்ளமாகும், பெரிய ஆட்களை எடுத்தால் உயரும் என்பது பொம்மைக்குள் இருந்த சீட்டின் சாரம். இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். "அந்த ஆளுக்கும் என்னைய மாதிரி எழுத்து கோணலா வருமோ?" என்றார். உண்மைதான். அண்ணாச்சிக்கு இன்றைக்கும் நேராக ஒரு வரி எழுத வராது.

ரிப்போர்ட் விஷயத்தை அண்ணாச்சி யாரிடமும் சொல்லவில்லை. நானும் அப்பாவிடம் சொல்லவில்லை. இந்த மலர் வீட்டுக்கு வந்தால், எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார்.

போன சனிக்கிழமை சம்பளக் கவரில் பெயர் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். அப்பா பெயரில் ஒரு 'ழ' வரும். கவரை வாங்கி, பணத்தை எண்ணாமல் எழுத்தையே பார்த்தார்.

"வாலை இன்னுங் கொஞ்சம் இழுத்திருக்கலாம்லடா" என்றார்.